வாசகர் கேள்வி – பதில்: தனியே இருக்கும் அம்மாவுக்கு எந்தத் திரை?

கேள்வி: கும்பகோணத்தில் எங்கள் சொந்த வீட்டில் என் தாயார் தனியாக இருக்கிறார். வயது 78. அப்பா சென்ற ஆண்டு காலமானார். நான் நியூஜெர்சியில் இருக்கிறேன், தங்கை பெங்களூரில். அம்மாவுக்குப் பட்டன் போன் மட்டுமே பழக்கம். ஒரு கண்ணில் புரை நீக்கியாயிற்று, இன்னொன்று பாக்கி. போன முறை ஊருக்கு வந்தபோது நல்ல விலையில் ஒரு ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்து, இரண்டு நாள் உட்கார்ந்து சொல்லியும் கொடுத்தேன். நான் விமானம் ஏறிய வாரமே அது பீரோவுக்குள் போய்விட்டது. ‘அது என் கைக்கு வரலைப்பா’ என்கிறார். பேரப்பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க அவருக்கு ஆசை இல்லாமல் இல்லை. டேப்லெட், அலெக்சா திரை, டிவியில் மாட்டும் கேமரா என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை வாங்குவது?
— வாசகர், நியூஜெர்சி

பதில்: ‘என் கைக்கு வரலை’ என்று உங்கள் தாயார் சொன்னதைச் சாக்காக எண்ணாமல் நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய தொடுதிரை அழுத்தத்தை உணர்வதில்லை. விரல் நுனி பட்டதும் திரையின் மின்புலத்தில் ஏற்படும் நுண்ணிய மாற்றத்தைத்தான் உணர்கிறது. எழுபதைக் கடந்தவர்களின் விரல் நுனி பெரும்பாலும் உலர்ந்து தடித்திருப்பதால் அந்த மாற்றம் பலவீனமாக இருக்கும். நமக்கு ஒரு தொடுகையில் முடிகிற காரியத்துக்கு அவர்கள் மூன்று முறை தொட வேண்டியிருக்கும். பட்டன் போனில் பழகிய கையோ, தொட்டது நடக்கவில்லை என்றால் இன்னும் பலமாக, இன்னும் சற்று நேரம் அழுத்தும். போன் அதை நீண்ட அழுத்தம் என்று எடுத்துக்கொண்டு, கேட்காத ஒரு பட்டியலைத் திறக்கும், அல்லது முகப்பில் இருக்கும் சின்னத்தை இடம் பெயர்த்துவிடும். எதையோ கெடுத்துவிட்டோம் என்ற பயம் வந்த பிறகு எந்தப் போனும் பீரோவுக்குத்தான் போகும். அமைப்புகளில் ‘அணுகல்தன்மை’ என்ற பகுதிக்குள், எவ்வளவு நேரம் தொட்டுக்கொண்டிருந்தால் அது நீண்ட அழுத்தமாகக் கொள்ளப்படும் என்பதை மாற்றும் வசதி இருக்கிறது. அதை மிக நீளமாக வைத்துவிட்டால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். திரையின் மேல் தடித்த கண்ணாடித் தாள் ஒட்டியிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

அடுத்த சிக்கல் அழைப்பை எடுப்பதில் இருக்கிறது. இதைப் பிள்ளைகள் யாரும் கவனிப்பதில்லை, ஏனென்றால் அவர்கள் எப்போதும் அழைக்கும் பக்கத்திலேயே இருக்கிறார்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில், திரை அணைந்திருக்கும்போது வாட்ஸ்அப் அழைப்பு வந்தால் திரை முழுவதும் உங்கள் படம் தோன்றும். பச்சை வட்டத்தை மேல்நோக்கி இழுக்க வேண்டும். அதே போனில் ஏதாவது பார்த்துக்கொண்டிருக்கும்போது அழைப்பு வந்தால், அது திரையின் உச்சியில் ஒரு சிறு பட்டையாக வரும். அங்கே இழுக்கக் கூடாது, தொட வேண்டும். இழுத்தால் பட்டை மறைந்துபோகும். ஒரே வேலைக்கு இரண்டு வழி இருப்பது உங்களுக்கும் எனக்கும் தெரியவே தெரியாது. கை தானாகச் செய்துவிடுகிறது. 78 வயதில் புதிதாகக் கற்பவருக்கு, நேற்று இழுத்தது இன்று ஏன் வேலை செய்யவில்லை என்பது விடை கிடைக்காத கேள்வி.

இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், எதை வாங்குவது என்பதற்கு முன், அதை எங்கே வைப்பது என்று முடிவு செய்ய வேண்டியிருப்பது புரியும். உங்கள் வீட்டில் லேண்ட்லைன் இருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். கூடத்தில் ஒரு ஸ்டூல், அதன்மேல் அம்மாவே பின்னிய ஒரு துணி, அதன்மேல் போன். மணி அடித்தால் எழுந்து போய் எடுக்க வேண்டும். பேசி முடித்தால் வைத்துவிட்டு வர வேண்டும். அந்தத் தலைமுறைக்குப் போன் என்பது ஓர் இடம். அந்த இடத்தையே திரும்ப உருவாக்குங்கள். அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலிக்கு எதிரே, கண் மட்டத்தில், எடையுள்ள ஒரு தாங்கியில், சார்ஜர் எப்போதும் செருகிய நிலையில் திரை நிற்க வேண்டும். ஜன்னல் அவருக்கு முன்னால் இருக்கட்டும்; பின்னால் இருந்தால் உங்களுக்கு நிழலுருவம்தான் தெரியும். கையில் பிடித்துப் பேசினால் என்ன தெரியும் என்பது உங்களுக்கே தெரியும்: பாதி நெற்றியும், மேலே சுழலும் மின்விசிறியும். திரையை யாரும் நோண்டாமல் இருப்பதால் அது எப்போதும் அணைந்தே இருக்கும். அழைப்பும் எப்போதும் ஒரே விதமாக, முழுத் திரையில் வரும். எடுக்கும் வழி இரண்டு என்ற குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

கருவி என்று கேட்டால், என் தேர்வு சிம் போடும் வசதியுள்ள, பத்து அங்குல அளவில் ஓர் ஆண்ட்ராய்டு டேப்லெட். ஒரு கண்ணில் இன்னும் புரை இருக்கும்போது ஆறங்குலத் திரையில் பேரனின் முகம் ஒரு கட்டைவிரல் அகலம்தான் இருக்கும். ஆனால் உடனே வாங்கிவிடாதீர்கள். பீரோவில் இருக்கும் அந்தப் போனையே முதலில் தாங்கியில் நிறுத்தி ஒரு மாதம் பாருங்கள். அந்த இடம் பழகிவிட்டால் பிறகு திரையைப் பெரிதாக்கலாம். பட்டன் போனை மட்டும் எக்காரணம் கொண்டும் அவரிடமிருந்து எடுத்துவிடாதீர்கள். அது அவருடைய கைக்கு வந்த கருவி. இரவில் ஏதாவது ஒன்று என்றால் அவர் விரல் அதைத்தான் தேடும்.

செயலி என்று வரும்போது வாட்ஸ்அப்பைத்தான் சொல்கிறேன். அதைவிட எளிமையான செயலிகள் இல்லை என்பதால் அல்ல. உங்கள் தாயார் அருகில் இருக்கும் கைகளுக்கு அது ஒன்றுதான் தெரியும். ஏதாவது நின்றுபோனால் நியூஜெர்சியிலிருந்து நீங்கள் வரப்போவதில்லை. எதிர்வீட்டுப் பெண்ணோ, வீட்டு வேலைக்கு வருபவரோ, கேபிள் பணம் வாங்க வரும் பையனோதான் பார்ப்பார்கள். அவர்கள் எல்லோரும் வாட்ஸ்அப்பில்தான் இருக்கிறார்கள். இதை மறந்துவிட்டு, வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு எது பிரியமோ அதைப் பெற்றோர் தலையில் கட்டுவது வழக்கமாகிவிட்டது. 2003-இல் தொடங்கிய ஸ்கைப்பை எத்தனையோ வீடுகளில் பெரியவர்கள் பாடுபட்டுக் கற்றுக்கொண்டார்கள். 2025 மே 5-ஆம் தேதியோடு அது மூடப்பட்டது. கூகுள் டியோ 2022-இல் மீட் என்பதற்குள் கரைந்துபோனது. கற்ற கை மீண்டும் வெறுங்கையானது. வாட்ஸ்அப் என்றென்றும் இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் அது மாறினால் தெருவே சேர்ந்து மாறும், உங்கள் அம்மா மட்டும் தனியாக நிற்க மாட்டார்.

மற்றவற்றைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். குடும்பத்தில் அத்தனை பேரும் ஐபோன் வைத்திருந்தால் ஐபேடும் ஃபேஸ்டைமும் நேர்த்தியானவை, சிம் கூடத் தேவையில்லை. ஆனால் பழுதானால் தெருவில் உதவி கிடைக்காது. அலெக்சா திரையான எக்கோ ஷோ, கையால் தொடாமல் குரலால் இயங்குவது பெரிய வசதிதான். அது தமிழில் கட்டளை கேட்பதில்லை, மின்கலமும் கிடையாது. கரண்ட் போனால் அதுவும் போய்விடும். பேசுகிற பிள்ளைகள் எல்லோரும் அலெக்சா செயலியை வைத்திருக்கவும் வேண்டும். பார்க்கின்சன் போன்ற நோயால் விரல் நடுங்குபவருக்கும், திரையைத் தொடவே முடியாதவருக்கும் அதை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். உங்கள் தாயாருக்கு இப்போது வேண்டாம். டிவி கேமரா வேண்டவே வேண்டாம். டிவிக்கு ஒரு ரிமோட், செட்டாப் பாக்ஸுக்கு ஒரு ரிமோட் என்று ஏற்கெனவே இரண்டு இருக்கும். அழைப்பு வரும்போது எந்த இணைப்புக்கு மாற்றுவது என்று தேடுவதற்குள் மணி நின்றுவிடும். அதோடு, சீரியல் ஓடும் நேரத்தில் அந்தத் திரை உங்களுக்குக் கிடைக்காது.

வாங்கிய பின் செய்ய வேண்டிய வேலைதான் உண்மையில் முக்கியமானது. என் பெரியம்மாவுக்கு வைத்துக் கொடுத்த போனில் மூன்று நாள் தொடர்ந்து அழைப்பு எடுக்கப்படாமல், பதறிப்போய்ப் பக்கத்துத் தெருவிலிருந்து ஆளை அனுப்பினோம். அவர் சௌக்கியமாக முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். போனில் மணியே அடிக்கவில்லை. மின்கலத்தைச் சேமிக்கிறேன் என்று போன் தானாகவே வாட்ஸ்அப்பைத் தூங்க வைத்திருந்தது. அமைப்புகளில் அந்தச் செயலிக்கு மட்டும் மின்கலக் கட்டுப்பாடு இல்லை என்று குறித்துவிட்டால் இது நேராது. அதேபோல, குடும்பக் குழுவில் தினமும் வந்து குவியும் ‘காலை வணக்கம்’ ரோஜாப் படங்கள் தானாக இறங்காதபடி நிறுத்தி வையுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் இடம் நிறைந்து எல்லாம் மந்தமாகிவிடும். வங்கிச் செயலியோ பணம் அனுப்பும் செயலியோ அதில் இருக்கவே கூடாது. அவை இல்லாதபோது திரைப்பூட்டு எண்ணும் வேண்டியதில்லை.

ரீசார்ஜை அவர் பொறுப்பில் விடாதீர்கள். 28 நாள் திட்டம் என்றால் வருடத்துக்குப் பதின்மூன்று முறை நினைவு வைக்க வேண்டும். 365 நாள் திட்டம் ஒன்றைத் தங்கையின் பெயரில் நாள்காட்டியில் குறித்துவிடுங்கள். வீட்டில் வைஃபை இருந்தாலும் டேப்லெட்டில் சிம் இருப்பது நல்லது. கரண்ட் போய் ரௌட்டர் அணைந்தாலும் சிம் கைகொடுக்கும்.

இரண்டு நாள் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு நாளில் எத்தனை விஷயம் சொன்னீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். முதல் மாதம் முழுவதும் ஒன்றே ஒன்று போதும்: மணி அடித்தால் பச்சையை மேலே இழுக்க வேண்டும். பேசி முடித்ததும் நீங்களே துண்டித்துவிடுங்கள். சிவப்பு எங்கே என்று அவர் தேட வேண்டாம். அவருக்கே பேசத் தோன்றினால், பட்டன் போனிலிருந்து பெங்களூர்த் தங்கைக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்கட்டும். அந்தக் கலையை அவருக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. தங்கை வீடியோவில் அழைத்து உங்களையும் அதிலேயே சேர்த்துக்கொள்ளலாம்.

நேரமும் ஒன்றாக இருக்கட்டும். நீங்கள் இரவு ஒன்பதரைக்கு அழைத்தால் அவருக்குக் காலை ஏழு. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊர்க் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளியதும் அதே ஒன்பதரை அவருக்கு எட்டு மணியாகிவிடும். அந்த ஒரு மணி நேரம் அவர் குளிக்காமல், கடைக்குப் போகாமல், திரைக்கு எதிரே உட்கார்ந்திருப்பார். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அல்லது குளிர்காலத்தில் எட்டரைக்கே அழையுங்கள்.

கேள்வி: நான் துபாயில் வேலை பார்க்கிறேன். காயல்பட்டினத்தில் வாப்பா மட்டும் இருக்கிறார்கள். வாட்ஸ்அப் நன்றாகவே பயன்படுத்துவார்கள். ஆனால் இங்கிருந்து செய்தி போகிறது, அழைப்பு போவதில்லை. விபிஎன் (நாம் இருக்கும் நாட்டை மறைத்து இணையத்தில் நுழையும் வழி) போட்டுப் பேசு என்கிறார்கள் அறை நண்பர்கள். சரியா?
— வாசகர், துபாய்

பதில்: வேண்டாம். ஐக்கிய அரபு அமீரகத்தில் இணையவழிப் பேச்சுக்கு அனுமதி பெற்ற செயலிகள் மட்டுமே இயங்கலாம். வாட்ஸ்அப் அழைப்பும் ஃபேஸ்டைமும் அந்த வரிசையில் இல்லை. விபிஎன் வைத்திருப்பதே குற்றம் என்று சிலர் பயமுறுத்துவது சரியல்ல. நிறுவனங்கள் அன்றாடம் பயன்படுத்துகின்றன. ஆனால் சட்டம் தடுத்த ஒன்றைச் செய்வதற்காக அதைப் பயன்படுத்தினால், 2021-ஆம் ஆண்டின் இணையக் குற்றச் சட்டப்படி 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதமும் சிறையும் விதிக்க இடமுண்டு. பேச்சு ஆசைக்கு அது பெரிய விலை.

அங்கே அனுமதி பெற்றவற்றுள் தமிழ்நாட்டுக் குடும்பங்களில் பரவலாக இருப்பது போட்டிம். உங்கள் வாப்பாவின் போனிலும் அதை ஏற்ற வேண்டியிருக்கும். மேலே சொன்ன பதிலில் தெருவுக்குத் தெரிந்த செயலியையே வையுங்கள் என்றேன்; காயல்பட்டினத்தைப் பொறுத்தவரை உங்கள் தெருவில் வளைகுடாவில் பிள்ளை இல்லாத வீடு எத்தனை இருக்கும்? அங்கே உதவும் கைகளுக்கு அந்தச் செயலி புதிதாக இருக்க வாய்ப்பில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: வாட்ஸ்அப் சின்னத்தை முகப்பின் ஒரு மூலையிலும் போட்டிம் சின்னத்தை எதிர்மூலையிலும் தள்ளி வையுங்கள். அருகருகே இருந்தால் உங்களைத் தேடி வாட்ஸ்அப்பைத் திறந்து அழைத்துவிட்டு, மகன் எடுக்கவில்லை என்று அவர்கள் மனம் வருந்த நேரும்.

கேள்வி: கோவை சிங்காநல்லூரில் இருக்கும் அப்பாவுக்கு 81 வயது, மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீடியோ அழைப்பை எடுத்துவிடுகிறார், ஆனால் நான் பேசுவது கேட்கவில்லை என்கிறார். என் கணவர் பேசினால் மட்டும் கேட்கிறதாம். எனக்கு அழுகையே வந்துவிடுகிறது. வேறு நல்ல கருவி வாங்கலாமா?
— வாசகி, பெங்களூர்

பதில்: அழ வேண்டாம், அப்பாவுக்கு மருமகன் மேல் தனிப் பாசம் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வயதினால் வரும் செவித்திறன் குறைவு உயர்ந்த சுருதியிலிருந்துதான் தொடங்குகிறது. பெண் குரலும் குழந்தைக் குரலும் முதலில் மங்கும்; ஆண் குரல் இன்னும் சில காலம் நிற்கும். ச, த, ப போன்ற ஒலிகள் நழுவிப்போவதால், குரல் கேட்டாலும் சொல் பிரியாது. அப்பா பல ஆண்டுகள் தறிகளின் இரைச்சலில் நின்றவராக இருந்தால் அந்தச் சேதமும் இதோடு சேர்ந்திருக்கும். டேப்லெட்டின் சிறிய ஒலிபெருக்கியோ அடிச்சுருதியை விழுங்கிவிட்டுக் கீச்சென்ற பகுதியைத்தான் அதிகம் தருகிறது; அவருக்குக் கேட்காத பகுதியும் அதுவேதான்.

ஆகவே கத்துவதால் பயனில்லை. குரல் உயர உயரச் சுருதியும் ஏறி, இன்னும் கேட்காமல் போகும். தாழ்ந்த குரலில், சொல்லுக்குச் சொல் சற்று இடம் விட்டுப் பேசிப் பாருங்கள். உங்கள் முகத்தில் வெளிச்சம் விழட்டும், வாய் தெரியட்டும். தன்னையறியாமலே அவர் பாதியை உதட்டிலிருந்துதான் படித்துக்கொள்கிறார். பின்னால் குக்கர் விசில் அடிக்கும் சமையலறையிலிருந்து அழைக்காதீர்கள். கருவி வாங்குவதானால், தலைமேல் மாட்டும், கம்பியுள்ள சாதாரண ஹெட்போன் ஒன்று போதும். அது செருகும் துளை டேப்லெட்டில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். புளூடூத் வேண்டாம், அதற்குத் தனியாகச் சார்ஜ், தனியாக இணைப்பு. இதற்கெல்லாம் முன், ஒரு முறை காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். காதில் அடைத்திருக்கும் அழுக்கை எடுத்ததோடு குறை தீர்ந்தவர்களும் உண்டு. கேட்கும் கருவி வேண்டும் என்றால் செவித்திறன் சோதித்துப் பொருத்தியதாக இருக்க வேண்டும்.

கேள்வி: மதுரையில் தனியாக இருக்கும் என் அம்மாவுக்கு, போலீஸ் உடுப்பில் ஒருவன் வாட்ஸ்அப் வீடியோவில் வந்து, ‘உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, கேமரா முன்னாலிருந்து நகரக் கூடாது’ என்று மிரட்டியிருக்கிறான். நல்லவேளை, பால்காரர் மணி அடித்ததால் அம்மா எழுந்து போய்விட்டார். வீடியோ வசதியையே எடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன்.
— வாசகர், சென்னை

பதில்: எடுக்க வேண்டாம். அந்நியர் அழைப்பு வரும் வழியை மட்டும் அடையுங்கள். வாட்ஸ்அப்பில் தனியுரிமை அமைப்புக்குள், அழைப்புகள் என்ற பகுதியில், அறியாத எண்களிலிருந்து வரும் அழைப்பை ஒலிக்காமல் செய்யும் வசதி 2023 முதல் இருக்கிறது. அதை இயக்கிவிட்டால், அம்மாவின் தொடர்பு எண்களில் இல்லாத எவர் அழைத்தாலும் மணி அடிக்காது; பட்டியலில் பதிவாக மட்டும் கிடக்கும். நீங்கள், உடன்பிறந்தவர்கள், மருத்துவர், அக்கம்பக்கத்து நாலு பேர் என்று எண்களைச் சேமித்துக் கொடுத்துவிட்டு உடனே இதைச் செய்யுங்கள்.

இப்படிக் கேமரா முன்னால் பிடித்து வைப்பதை ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்கிறார்கள்; அப்படி ஒன்று இந்தியச் சட்டத்தில் இல்லவே இல்லை. எந்தக் காவல் நிலையமும், சி.பி.ஐ.யும், நீதிமன்றமும் வீடியோ அழைப்பில் யாரையும் கைது செய்வதில்லை. பணத்தைச் சரிபார்ப்புக்காக மாற்றச் சொல்வதும் இல்லை. பிரதமரே 2024 அக்டோபர் 27 அன்று வானொலி உரையில் இதைப் பற்றி எச்சரிக்கும் அளவுக்கு இது பரவியிருந்தது. அம்மாவிடம் இந்தச் சட்ட விளக்கமெல்லாம் சொன்னால் நினைவில் நிற்காது. உடுப்பில் யார் வந்தாலும் திரையைக் கவிழ்த்துவிட்டு, பட்டன் போனில் மகனை அழைக்க வேண்டும் என்று மட்டும் சொல்லி வையுங்கள். துண்டிக்கத் தெரியாவிட்டாலும் கவிழ்க்கத் தெரியும். இந்தக் கும்பல்களின் பலமே, எதிரில் இருப்பவரை நகரவோ வேறொருவரிடம் பேசவோ விடாமல் வைத்திருப்பதுதான். உங்கள் வீட்டில் பால்காரர் உடைத்தது இதைத்தான். அவருக்கு ஒரு நன்றி சொல்லிவிடுங்கள்.

தூரத்திலிருந்தே போனைச் சரிசெய்ய உதவும் எனிடெஸ்க் போன்ற செயலிகளை வசதிக்காகக்கூட அம்மாவின் போனில் ஏற்ற வேண்டாம். அதன் வழியாகப் பணம் பறிபோவது பற்றி ரிசர்வ் வங்கி 2019-லேயே எச்சரித்திருக்கிறது. மகன் ஏற்றியதுதானே என்ற நம்பிக்கையில், அடுத்து கேட்பவனுக்கும் அம்மா அந்தச் செயலி காட்டும் இணைப்பு எண்ணைச் சொல்லிவிடுவார். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் இணையக் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்; முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்க வாய்ப்பு அதிகம். அந்த எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதித் தாங்கியின் அடியில் ஒட்டி வையுங்கள்.

கேள்வி: மேற்கண்ட கடிதங்களைப் போலப் பிள்ளைகள் எழுதுவதையே உங்கள் பகுதியில் படிக்கிறேன். நான் தாய். ஸ்ரீரங்கத்தில் தனியாக இருக்கிறேன். ஓய்வு பெற்ற ஆசிரியை, வயது 74. மெல்போர்னில் இருக்கும் மகன் ஓர் எக்கோ ஷோ வாங்கி வைத்திருக்கிறான். நான் எடுக்காமலே அது திறந்துகொள்கிறது. திடீரென்று அவன் குரல் கேட்கிறது. ‘உன் பாதுகாப்புக்குத்தாம்மா’ என்கிறான். எனக்கோ சொந்த வீட்டில் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு உட்காரக்கூடத் தயக்கமாக இருக்கிறது. நான் பிடிவாதம் பிடிக்கிறேனா?
— வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: இல்லை, அம்மா. தட்டாமல் உள்ளே வருவது மகனாக இருந்தாலும் தட்டாமல் வருவதுதான்.

நீங்கள் சொல்வது அந்தக் கருவியில் உள்ள ‘டிராப் இன்’ என்ற வசதி. முன்பே அனுமதி கொடுத்திருந்தால்தான் ஒருவர் அப்படி நுழைய முடியும். அந்த அனுமதியைக் கருவியை அமைக்கும்போது உங்கள் சார்பில் உங்கள் மகனே கொடுத்திருப்பார். முதல் சில நொடிகள் படம் பனி படர்ந்த கண்ணாடி போல மங்கலாக இருக்கும். அதற்குள் வீடியோவை நிறுத்திவிடலாம் என்பது அதைச் செய்தவர்களின் எண்ணம். நாற்காலியிலிருந்து எழுந்து கருவியிடம் போவதற்குள் அந்த நொடிகள் போய்விடும் என்பதை அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. கருவியின் மேல்விளிம்பைத் தடவிப் பாருங்கள். ஒரு சிறு நகர்த்தி இருக்கும். அதைத் தள்ளினால் கேமராவின் கண்ணை ஒரு மூடி மறைத்துவிடும். அது நிஜமான மூடி. மெல்போர்னிலிருந்து யாராலும் அதைத் திறக்க முடியாது. ஆனால் மூடிய பிறகும் குரல் போகும். ஒலியையும் நிறுத்த வேண்டுமென்றால், மேலேயே உள்ள ஒலிவாங்கிப் பொத்தானை அழுத்துங்கள். திரையில் சிவப்புக் கோடு தெரியும்.

உங்கள் மகனின் பயத்திலும் நியாயம் இருக்கிறது. வழுக்கி விழுந்தவர் எழுந்து போய்ப் பச்சைப் பொத்தானை இழுக்க முடியாது. அதனால் வசதியை ஒரேயடியாக நீக்கச் சொல்வதைவிட, எப்போது பயன்படுத்தலாம் என்று இருவரும் பேசி ஒரு முறை வகுத்துக்கொள்ளலாம். முதலில் சாதாரண அழைப்பாக மணி அடிக்க வேண்டும். எடுக்காவிட்டால் கால் மணி நேரம் கழித்து இன்னொரு முறை, பிறகு உங்கள் கைப்பேசிக்கு ஒரு முறை. மூன்றுக்கும் பதில் இல்லை என்றால், வீட்டுச் சாவி வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்லிவிட்டு, அவர் வந்து சேரும் வரை ‘டிராப் இன்’ திறக்கலாம். சாவி யாரிடமும் கொடுத்து வைக்கவில்லை என்றால் அதை முதலில் செய்யுங்கள்; விழுந்து கிடப்பதை மெல்போர்னிலிருந்து பார்க்க முடியும், தூக்க முடியாது. அக்கம்பக்கத்தில் யாரும் இல்லாத நேரத்தில் வழி கேட்க, முதியோருக்கான 14567 என்ற இலவச உதவி எண் இருக்கிறது.

கருவி இப்போது எங்கே இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. படுக்கையறையில் இருந்தால் இன்றே கூடத்துக்கு மாற்றிவிடுங்கள், வாசல் பக்கம் பார்த்தபடி. கம்பியை உருவி மறுபடி செருகினால் அது தானாகவே பழைய நிலைக்கு வந்துவிடும், எதுவும் அழியாது. மகனைக் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டியதில்லை.